எல்லாம் தெரிந்தவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

(வேதபாட வகுப்பில் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.)

ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமே, அப்புறம் எதற்கு ஜெபம்? – கல்லூரி மாணவி

நான் பசியோடு வந்திருப்பது அம்மாவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவேன். மத்தேயு 6:8-ல் இயேசு, நீங்கள் கேட்பதற்கு முன்பே பிதாவுக்குத் தெரியும் என்கிறார். அடுத்த வசனத்திலேயே ஜெபிக்கக் கற்றுத்தருகிறார். அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை.

பேதுரு தன்னைத் தெரியாது என்று மறுதலிப்பான் என்று இயேசு முன்பே சொல்லிவிட்டாரே. அது பேதுருவின் குற்றமா? – ஆசிரியர் ஒருவர்

பழைய கேள்விதான். 6-ம் நூற்றாண்டில் போயெத்தியுஸ் என்ற ரோமத் தத்துவஞானி சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்தபோது இதைப் பற்றி எழுதினார். ஒருவன் நடப்பதை நான் பார்க்கிறேன் என்பதற்காக, என் பார்வைதான் அவனை நடக்க வைக்கிறது என்றாகாது. அதுபோல, முக்காலத்தையும் ஒரே பார்வையில் காணும் கடவுளின் அறிவு நம்மைத் தள்ளிவிடுவதில்லை என்பது அவர் வாதம். எனக்கு இதில் பாதி திருப்திதான். லூக்கா 22:32 இன்னும் கொஞ்சம் உதவுகிறது. அங்கே இயேசு, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன், நீ குணப்பட்டபின் சகோதரரை ஸ்திரப்படுத்து என்கிறார். பேதுரு விழுவதும் தெரியும், எழுவதும் தெரியும். அப்படியிருந்தும் அவனுக்காக ஜெபித்தவர் அவர்.

வருஷப்பிறப்பு ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டை வந்தது. அந்த வருஷம்தான் கடையை மூடினேன். – பெயர் வேண்டாம் என்றவர்

முதலில், கடை போனதற்கு வருந்துகிறேன். அட்டையில் அந்த ஒரு வசனத்தை மட்டும் அச்சடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிற வரி. முந்தைய வசனத்தைப் படியுங்கள்: 70 வருஷம்! கடிதத்தை வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவனும் இருந்தான், அனனியா. ஜனங்களுக்கு அவன் வார்த்தைதான் இனித்திருக்கும். ஆனால் அது பொய். எரேமியா சொன்னதோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள். அந்த வசனத்தில் "நான் அறிவேன்" என்பவர் கர்த்தர்தான். நமக்கும் தெரியும் என்று அங்கே எழுதவில்லை. உங்கள் அட்டை பொய் சொல்லவில்லை அண்ணே, கடிதத்தில் பாதியை விட்டுவிட்டது.

யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லவே இல்லையே? – இரண்டு பேர்

இல்லை. நல்லவனாயிருந்தும் பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவன் யோபு. அவன் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் கர்த்தருக்கும் சாத்தானுக்கும் பரலோகத்தில் நடந்த பேச்சு நமக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. 38-ம் அதிகாரத்தில் கர்த்தர் வாய் திறந்தும் பதில் தருவதில்லை, கேள்விகளாக அடுக்குகிறார். எனக்குப் பிடித்தது 39:1: "வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ?" மனிதர் கண்படாத பாறை இடுக்கில் குட்டி போடும் ஆட்டின் நாள்கணக்கு வைத்திருக்கிறவர் அவர். யோபு அதற்கு அடங்கினான். ஆனால் அதுவரை அவன் கத்தியதைக் கர்த்தர் குற்றமாக எடுக்கவில்லை; சமாதானம் சொல்ல வந்த நண்பர்கள்மேல்தான் கோபப்பட்டார் (42:7).

நாளை பயாப்ஸி ரிப்போர்ட். நல்லதாகத்தான் வரும் என்று நம்பினால்தான் விசுவாசமா? – ஒரு அக்கா

இல்லை அக்கா. தானியேல் 3-ல் ராஜாவின் சிலையை வணங்க மறுத்ததால் எரிகிற சூளையில் போடப்படவிருந்த மூன்று பேரும் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அதை அவிசுவாசம் என்று யாரும் எழுதவில்லை. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே ஜெபியுங்கள். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் யாருக்கும் லீவு கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், என் மனைவி வருவாள்.