முழு மாரத்தான், அரை மாரத்தான்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அரை மாரத்தானை (21.1 கி.மீ.) 2 மணி நேரத்தில் முடிப்பேன். அந்த நம்பிக்கையில் முழு மாரத்தானில் (42.2 கி.மீ.) கி.மீ.க்கு 5:40, அதாவது 5 நிமிடம் 40 விநாடி வேகத்தில் போனேன். 31 வரை ஒரு குறையும் இல்லை. பிறகு கால் நகரவே இல்லை. மீதி 11 கி.மீ.க்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பயிற்சி போதவில்லையா?

பதில்: பயிற்சியைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் கணக்கே தப்பு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கோடு நிற்காது. ஓட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 4 மணி 10 நிமிடம் வரும், அதாவது கி.மீ.க்கு 5:55. அதுவும் வாரம் 60, 70 கி.மீ. ஓடிப் பழகியவருக்குத்தான். வாரம் 40 கி.மீ. ஓடுகிறவர் 4 மணி 25 நிமிடத்தை மனதில் வைத்து கி.மீ.க்கு 6:17-இல் போவதே நியாயம். நீங்கள் போனது 5:40.

உடம்பில் நடந்தது இதுதான். ஓடுவதற்கு ஆகும் செலவு, தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு 1 கலோரி. 70 கிலோ ஆளுக்கு மாரத்தான் முழுக்க 2,900-க்கு மேல். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) 400, 500 கிராம்தான். அதில் கிடைப்பது 1,600 முதல் 2,000 கலோரி. மீதியைக் கொழுப்பு தர வேண்டும். மெதுவாகப் போனால் கொழுப்பு நிறைய எரியும். வேகம் கூடக்கூட உடம்பு கிளைகோஜனையே கேட்கும். முதல் 10 கி.மீ.இல் சுலபமாகத் தோன்றிய அந்த 15, 20 விநாடிக்கு 31-இல் விலை கொடுத்தீர்கள்.

அடுத்த முறை முதல் 5 கி.மீ.ஐத் திட்டமிட்ட வேகத்தைவிட 10 விநாடி மெதுவாகப் போங்கள். நிறைய பேர் முந்திக்கொண்டு போவார்கள், போகட்டும். 15 வரை பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வாட்ச் என்ன காட்டினாலும் வேகத்தைக் குறையுங்கள். 30 வரை அதே வேகம். கூட்டுவதானால் 32-க்குப் பிறகு.

கேள்வி: ஓடும்போது எடுக்கும் எனர்ஜி ஜெல் எத்தனை, எப்போது? போன தடவை 25-க்கு மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

பதில்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஜெல் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள், பிராண்டுக்கு பிராண்ட் மாறும். 40-ஆவது நிமிடத்தில் முதல் ஜெல், பிறகு அரை மணிக்கு ஒன்று. நாலரை மணி நேர ஓட்டத்துக்கு எட்டு வரும். களைத்த பிறகு எடுக்கலாம் என்று காத்திருந்தால் பயன் குறைவு. அந்த நேரத்தில் வயிற்றுக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

வயிற்றைப் பிடிக்க முக்கியக் காரணம், ஜெல்லோடு எதைக் குடிக்கிறோம் என்பது. ஜெல்லும் இனிப்பான எனர்ஜி பானமும் ஒன்றாகப் போனால் குடலில் சர்க்கரையின் அடர்த்தி ஏறும். அதை நீர்க்கச் செய்ய உடம்பு தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், வயிறு குலுங்கிப் பிடிக்கும். ஜெல்லுக்கு வெறும் தண்ணீர்தான், 100 முதல் 150 மி.லி. தண்ணீர் மேசை கண்ணில் பட்டதும் ஜெல்லை வாயில் போட்டுக்கொண்டால், மேசைக்கு வரும்போது கப்பை எடுக்கச் சரியாக இருக்கும்.

குடலையும் பழக்க வேண்டும். பந்தயத்துக்கு 8 வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு லாங் ரன்னிலும் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) அதே பிராண்ட், அதே இடைவெளி. மணிக்கு 60 கிராமைத் தாண்ட நினைத்தால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த ஜெல் வேண்டும். குளுக்கோஸ் குடலைத் தாண்டும் பாதை 60 கிராம் அளவிலேயே நிரம்பிவிடும். ஃபிரக்டோஸுக்கு வேறு பாதை.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் பலர் இதில் மாட்டுகிறார்கள். 25 கி.மீ.க்கு மேல் விரல் நுனி வியர்வையிலும் ஜெல் பிசுக்கிலும் வழுக்கும், பாக்கெட் கிழியாது. பல்லால் இழுத்தால் பாதி சட்டையில் தெறிக்கும். கிளம்பும் முன்பே மூலையிலுள்ள வெட்டுக்குறியில் கத்தரிக்கோலால் 2 மி.மீ. ஆழம் கூட்டிவிடுங்கள். ஜெல் கசியாது, ஒற்றை விரல் இழுப்பில் திறக்கும்.

கேள்வி: தாகம் எடுக்கும் முன்பே குடிக்கச் சொல்கிறார்களே சார்? மேசைக்கு இரண்டு கப் என்று குடித்தேன். முடிக்கும்போது மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீங்கி, வாந்தியும் வந்தது.

பதில்: இதை லேசாக விடாதீர்கள். தண்ணீர் அதிகமாகப் போய் ரத்தத்தில் சோடியம் குறைந்ததன் அறிகுறி மாதிரி இருக்கிறது. மருத்துவரிடம் ஒருமுறை சொல்லுங்கள். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானை முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை ஏறியவர்களுக்கே ஆபத்து அதிகம். மெதுவாக ஓடுகிறவர் வழியில் அதிக நேரம் இருப்பார், அதிகம் குடிப்பார். அதனால் இது நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்பது தப்பு.

உங்கள் வியர்வை அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு ஆடையில்லாமல் எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். உடம்பைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி எடை. 70.0 கிலோ 69.1 ஆகியிருந்து, நடுவில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்த்தது 1.2 லிட்டர். குளிர்ந்த காலையில் ஒருமுறை, புழுக்கத்தில் ஒருமுறை செய்து பாருங்கள், இரண்டும் கிட்டேயே வராது.

வியர்த்த அத்தனையையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை. முடிக்கும்போது ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்திருப்பது இயல்பு. தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைத் தாண்டிப் போங்கள். கப் வாங்கினால் விளிம்பைக் கிள்ளிப் பிடித்துக் குவியுங்கள், மூக்கில் ஏறாது.

கேள்வி: தம்பி, எனக்கு 52 வயது. 10 கி.மீ.க்கு 80 நிமிடம் ஆகிறது. அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா? கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய நேர வரம்பு, 3 மணி 15 நிமிடம்.

பதில்: தாராளமாகக் கொடுங்கள் அக்கா. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வீட்டில் இளவயது இதய நோய் இதில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர். இல்லையென்றால் கணக்கு உங்கள் பக்கம்தான்: 3:15-க்கு கி.மீ. ஒன்றுக்கு 9:14 போதும், நீங்கள் 8:00-இல் ஓடுகிறீர்கள்.

4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே பரப்பிய முறை இது. ஓட்டம் 8:00, வேக நடை 11:00 என்றால் சராசரி 8:28 வரும். 2 மணி 59 நிமிடத்துக்குள் முடிப்பீர்கள். ஒரே நிபந்தனை, நடையை முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று 12 வரை ஓடிவிட்டுப் பிறகு நடந்தால் அது களைத்தவரின் நடை; கால் தசை ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

12 வாரம் வையுங்கள். வாரம் மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் கால், இடுப்புத் தசைக்கு வலு. லாங் ரன் 10-இல் தொடங்கி வாரம் ஒன்றரை கி.மீ. ஏறட்டும், நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையட்டும். 18 தொட்டால் போதும்.

கட்-ஆஃப் எதிலிருந்து எண்ணுகிறார்கள் என்று அமைப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கூட்டத்தில் பின்வரிசைக்காரர் தொடக்கக் கோட்டைத் தாண்டவே 10 நிமிடம் ஆகும். பிப்பிலுள்ள (சட்டையில் குத்தும் எண் அட்டை) சிப் உங்கள் நேரத்தை அந்தக் கோட்டிலிருந்து எண்ணும். ஆனால் சில பந்தயங்களில் சாலையைப் போக்குவரத்துக்குத் திறப்பது தொடக்கத் துப்பாக்கி வெடித்த நேரத்தை வைத்து. இடையிலும் கட்-ஆஃப் இருக்கும்.

கேள்வி: என் வாட்ச் 42.7 கி.மீ. காட்டியது. வாட்ச் கணக்கில் 5:41-இல்தான் ஓடினேன், 4 மணி நேரத்துக்குள் முடியவில்லை. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்களா?

பதில்: சான்றிதழ் பெற்ற பாதையை வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடச் சேர்ப்பார்கள். அந்தக் கோட்டில் கூட்டத்தில் யாராலும் ஓட முடியாது. ஆளை முந்த விலகுவது, வளைவை அகலமாக எடுப்பது, தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவது எல்லாம் சேர்ந்து 300, 400 மீட்டர். உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் தடுமாறுவது மிச்சம்.

அதனால் 4 மணி நேரம் குறி என்றால் வாட்சில் 5:37 காட்ட வேண்டும். இதைவிட நல்ல வழி, வாட்ச் கி.மீ.க்கு ஒருமுறை தானாகப் பதியும் லேப்பை அணைத்துவிட்டுச் சாலையிலுள்ள கி.மீ. பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துவது.

கேள்வி: ஒவ்வொரு லாங் ரன்னுக்குப் பிறகும் கட்டைவிரல் நகம் கறுக்கிறது. ஷூ பெரிதாகத்தான் இருக்கிறது.

பதில்: பெரிய ஷூவிலும் கறுக்கும். குதிகால் பிடிப்பில்லாமல் பாதம் முன்னே சறுக்கி, ஒவ்வொரு அடியிலும் நகம் முனையில் முட்டுகிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். ஷூவின் மேல் ஓரத்தில், கணுக்கால் பக்கமாகத் தனியே ஒரு துளை இருக்குமே, பலர் அதைத் தொடுவதே இல்லை. நாடாவை அந்தந்தப் பக்கத்துத் துளையிலேயே வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்கள். வலது நாடாவை இடது வளையத்துக்குள்ளும், இடது நாடாவை வலது வளையத்துக்குள்ளும் நுழையுங்கள். குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளி உட்காரவைத்து, இரண்டு நாடாவையும் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பூட்டினது மாதிரி நிற்கும், விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும்.

முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நகத்தைப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பே நேராக வெட்டுங்கள். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கொப்புளம் போடும், செயற்கை இழை சாக்ஸ் நல்லது. நகத்தடியில் விண்விண் என்று தெறித்தால் ஊசியால் குத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பந்தயத்துக்கு முன் ஒரு இபுப்ரொஃபென் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நீர் குறையும் நேரத்தில் சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதை அது மேலும் குறைக்கும். குடலையும் புண்ணாக்கும். வலியை மறைத்துவிட்டால் காயம் பெரிதாவதும் தெரியாது.

கேள்வி: மூன்று வாரத்தில் பந்தயம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. ஓடி ஓடியே சரியாகிவிடும் என்கிறார் நண்பர்.

பதில்: விரலால் அழுத்திப் பாருங்கள். உள்பக்க விளிம்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்கு வலித்து, ஓடச் சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வின் எரிச்சல். ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஒற்றை விரல் நுனி அளவு இடத்தில் துள்ளும்படி வலித்தால், ஓட ஓடக் கூடினால், இரவிலும் வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். இதை ஓடிச் சரிசெய்ய முடியாது. எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் தெரியாமலும் போகலாம், எம்ஆர்ஐ காட்டும். இரண்டாவது வகை என்றால் இந்தப் பந்தயத்தை விட்டுவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆற வேண்டியது, முழுதாக முறிந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

கேள்வி: கடைசி வாரம் என்ன சாப்பிட, எவ்வளவு ஓட?

பதில்: கடைசி லாங் ரன் மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும், 30, 32 கி.மீ. போதும். பிறகு வாராந்தர தூரம் முக்கால், பாதி, மூன்றில் ஒரு பங்கு என்று இறங்கட்டும். ஓடும் நாள்களின் எண்ணிக்கையை அதிகம் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு நாள் ஒரு கிலோ எடைக்கு 8 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து, நார்ச்சத்தும் கொழுப்பும் குறைவாக. எடை ஒரு கிலோ ஏறும், பயப்படாதீர்கள்; ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பந்தயக் காலையில் மூன்று மணி நேரம் முன்பு, பழகிய உணவு மட்டும்.

கேள்வி: வழியில் பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினார். என்ன செய்வதென்றே தெரியவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: நின்று பெயரைக் கேளுங்கள், எத்தனையாவது கி.மீ. என்று கேளுங்கள். தெளிவாகச் சொன்னால் நிழலில் உட்காரவைத்து ஆள் அனுப்பலாம். பதில் குழம்பினால், கோபப்பட்டால், நேராக நிற்க முடியாவிட்டால் வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வியர்வையாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். ஓட்டக்காரருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பத் தாக்கு வரும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வண்டி வரும் வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்வியுங்கள்: தண்ணீர் மேசையிலுள்ள அத்தனை தண்ணீரையும் உடம்பில் ஊற்றுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைத்து விசிறுங்கள். குழம்பியிருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். நினைவில்லாமல் மூச்சும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120, ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும்) கருவி வரும் வரை.

இன்னொருவரை அவசர எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பிப் எண்ணையும் கடந்துவந்த கி.மீ. பலகையின் எண்ணையும் சொன்னால் போதும். பிப்பைத் திருப்பினால் ரத்த வகையும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுத இடம் இருக்கும். பெரும்பாலும் அது வெறுமையாகத்தான் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் பிப் கையில் கிடைத்த அன்றே, ஊக்குக் குத்தும் முன், தண்ணீரில் கரையாத பேனாவால் நிரப்பிவிடுங்கள்.