வேலைநிறுத்தம் வந்தால் கார் கம்பெனிப் பங்கை விற்றுவிடலாமா?

கேள்வி: அமெரிக்க கார் நிறுவனம் ஒன்றின் பங்குகளைச் சில வருடங்களாக வாங்கிச் சேர்க்கிறேன். ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. “ஒரு தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர் ஆகிறது, சலுகைகளே கம்பெனியைத் தின்றுவிடும்” என்கிறார் நண்பர். அடுத்த ஸ்டிரைக்குக்கு முன்பே விற்றுவிடுவதா? சலுகைச் செலவை நானே பார்த்துக் கணக்கிட வழி உண்டா?

பதில்: ஸ்டிரைக் என்ற ஒரே காரணத்துக்காக விற்காதீர்கள். ஸ்டிரைக்கின் முடிவில் நிறுவனம் எதற்கு ஒப்புக்கொண்டது, அதை எத்தனை வருடம் கொடுத்தாக வேண்டும் என்பதைப் பாருங்கள்.

முதலில் அந்த 70 டாலர். 2008-இல் டெட்ராய்ட் வட்டாரத்தின் மூன்று பெரிய கார் நிறுவனங்கள் (ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர்) அரசிடம் கடன் கேட்டு நின்றபோது ஊரெங்கும் பேசப்பட்ட எண் இது. அன்று அனுபவமுள்ள தொழிலாளியின் அடிப்படைக் கூலி மணிக்கு ஏறக்குறைய 28 டாலர்தான். அதன்மேல் ஓவர்டைம், விடுமுறைச் சம்பளம், காப்பீடு எல்லாம் ஏறும். அதோடு நிற்காமல், எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் சேர்த்துக் கூட்டி, இன்று வேலை செய்பவர்களின் மணிக்கணக்கால் வகுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்குறைப்பு செய்தால் வகுக்கும் எண் சுருங்கும், ‘மணிக்கான செலவு’ ஏறும். யாருக்கும் ஒரு காசு கூடக் கிடைத்திருக்காது. 2000-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸில் (ஜி.எம்.) ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் வேலையில் இருந்தவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். உங்கள் நண்பரின் எண் பொய்யில்லை, ஆனால் அது இன்றைய தொழிலாளியின் விலையும் இல்லை.

இந்தச் சுமை வந்த வழி தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1950-இல் யு.ஏ.டபிள்யூ. என்கிற வாகனத் தொழிலாளர் சங்கத்தோடு ஜி.எம். ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. ‘டெட்ராய்ட் உடன்படிக்கை’ என்று பேர் பெற்றது அது. நிறுவனத்துக்கு ஐந்து வருடம் ஸ்டிரைக் இல்லாத நிம்மதி. தொழிலாளிக்கு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, விலைவாசியோடு ஏறும் அகவிலைப்படி. அந்தக் காலத்தில் ஓய்வுபெற்றவர்கள் சொற்பம், விற்பனையோ ஏறுமுகம். பின்னாளில் ஓய்வுபெற்றோருக்கும் விரிந்த மருத்துவச் சலுகைக்கு நிறுவனங்கள் பெரிதாகப் பணம் ஒதுக்கி வைக்கவில்லை; பில் வர வர கட்டினார்கள். வரவேண்டிய பில்களையும் கடனாகக் கணக்கில் காட்ட வேண்டும் என்று கணக்கியல் விதி மாறியதும், 1992-இல் ஜி.எம். ஒரே அடியில் சுமார் 2,080 கோடி டாலரைச் செலவாக எழுதியது. அந்த ஆண்டு நஷ்டம் 2,350 கோடி. அந்த 2,080 கோடியில் ஒரு டாலர்கூட அப்போது வெளியே போகவில்லை, இருந்த கடன் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். 2004-இல் மருத்துவத்துக்கு மட்டும் அந்நிறுவனம் சுமார் 520 கோடி டாலர் செலவழித்தது. விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் 1,500 டாலர் இதற்கே போகிறது என்று சொல்லிக்கொண்டது.

2007-இல் இரண்டே நாள் ஸ்டிரைக்குக்குப் பிறகு இந்த மருத்துவச் சுமையைத் தனி அறக்கட்டளை ஒன்றுக்கு மாற்ற உடன்பாடு ஆனது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய மாதிரி ஓய்வூதியமும் இல்லை, ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவமும் இல்லை. 2009-இல் ஜி.எம். திவாலானபோது அந்த அறக்கட்டளைக்குத் தரவேண்டிய பணத்தில் ஒரு பகுதிக்கு ஈடாகப் புதிய நிறுவனத்தில் 17.5 சதவீதப் பங்கு போனது. பழைய பங்குதாரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கார் விற்பனை சரிந்ததும் கடன் சந்தை உறைந்ததும் அதில் பெரிய காரணங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாவற்றையும் தொழிலாளி தலையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

இதோடு ஒப்பிட்டால் ஸ்டிரைக்கின் செலவு ஒருமுறை வந்து போவது. 1998-இல் ஃபிளின்ட் நகரின் இரண்டு ஆலைகளில் 54 நாள் வேலை நின்றது. பாகங்கள் வராததால் வட அமெரிக்காவில் ஜி.எம். உற்பத்தி ஏறக்குறைய முழுதும் முடங்கி, 200 கோடி டாலர் அளவில் லாபம் போனது. 2023-இல் சங்கம் வேறு உத்தியைக் கையாண்டது. எல்லாரையும் வெளியே அழைக்காமல், ஜி.எம்., ஃபோர்டு, ஸ்டெல்லாண்டிஸ் (கிரைஸ்லரின் இன்றைய தாய் நிறுவனம்) என மூன்று நிறுவனங்களிலும் ஒவ்வோர் ஆலையாகத் தேர்ந்தெடுத்து நிறுத்தி, பேச்சுவார்த்தை இழுக்க இழுக்கப் பட்டியலை நீட்டியது. வேலைநிறுத்தம் செய்தவருக்கு வாரம் 500 டாலர் கொடுத்த சங்க நிதியில் 82.5 கோடி டாலர் இருந்தது. சிலரை மட்டும் இறக்கினால் அது நெடுநாள் தாங்கும். ஆகவே எத்தனை பேர் வெளியே என்பதை விட, எந்த ஆலை என்பதே முக்கியம். அக்டோபரில் ஃபோர்டின் கென்டக்கி டிரக் ஆலையை நிறுத்தினார்களே, ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் வருமானம் தரும் ஆலை அது.

முடிவில் 2028 ஏப்ரல் வரை மொத்தம் 25 சதவீதக் கூலி உயர்வு, திரும்ப வந்த அகவிலைப்படி. ஸ்டிரைக்கால் இழந்தது சுமார் 110 கோடி டாலர் என்றது ஜி.எம்.; புதிய ஒப்பந்தத்தால் 930 கோடி கூடுதல் செலவு, வண்டிக்குச் சராசரியாக 575 டாலர் என்றும் சொன்னது. அப்போது அங்கே புதிய வண்டியின் சராசரி விலை 48,000 டாலரை ஒட்டி இருந்தது. அந்த ஆண்டும் ஜி.எம். ஆயிரம் கோடிக்கு மேல் லாபம் காட்டியது. உடன்பாடு முடிந்த கையோடு 1,000 கோடி டாலருக்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்குவதாக அறிவித்தது. பயந்து விற்றவர்கள் அதைத் தவறவிட்டார்கள். சங்கம் இல்லாத ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் ஆலைகளும் உடனே கூலியை ஏற்றியதால் போட்டியில் இடைவெளியும் அவ்வளவாக விரியவில்லை. என் பார்வையில் 25 சதவீதத்தை விடப் பெரிய செய்தி வேறு: பழைய ஓய்வூதியத்தை எல்லாருக்கும் திருப்பிக் கேட்ட சங்கத்துக்கு அது கிடைக்கவில்லை. பதிலுக்கு, அந்தந்த வருடமே கட்டி முடித்துவிடும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் செலுத்தும் தொகை கூலியில் 10 சதவீதமானது.

நீங்களே கணக்கிட, நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ஓய்வூதியம் பற்றிய குறிப்பைத் திறங்கள். மொத்தக் கடப்பாடு (இனி கொடுத்தாக வேண்டிய தொகை) எவ்வளவு, அதற்கென ஒதுக்கிய சொத்து எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள பள்ளத்தை அந்நிறுவனத்தின் ஒரு வருடத் தொழில் பணவரவோடு (தொழில் நடத்துவதில் கைக்கு வரும் ரொக்கம்) ஒப்பிடுங்கள். ஓரிரு வருட வரவில் நிரம்பிவிடும் என்றால் தூங்கலாம். மருத்துவச் சலுகை தனி வரியில் இருக்கும். அதற்கு எதிரே ஒதுக்கிய சொத்து பெரும்பாலும் இராது. வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட எடுத்துக்கொண்ட வட்டி விகிதத்தையும் கவனியுங்கள், அது சற்றுக் குறைந்தாலே கடப்பாடு ஊதிவிடும்.

இப்போதைய ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30-இல் முடிகிறது. அப்போது பேச்சு கூலியையும் அகவிலைப்படியையும் சுற்றியே இருந்தால் அசைய வேண்டாம். 2007-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் ஆயுள்கால ஓய்வூதியமும் மருத்துவமும் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டால், மேலே சொன்ன கணக்கை மறுபடி போடுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே நிறுவனத்தில் வைத்திருப்பது இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து. அதைக் குறைக்க 2028 வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வருடமே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள்.