பதில்: நோஸ்ஃபெராட்டு புதிய பிரதியில் ஏன் இவ்வளவு நீலம்?

நோஸ்ஃபெராட்டுவின் புதிய பிரதி ஒரே நீலமாக இருக்கிறது, பயமே போய்விட்டது, சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் பழைய டிவிடியையே போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த நீலம் கோளாறு இல்லை. 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மானிய ஊமைப் பேய்ப்படம் 1922இல் வந்தபோதே இரவுக் காட்சிகளுக்கு நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் புதிய பிரதியையே போடுங்கள்.

அந்தக் கால ஃபிலிமில் இரவில் வெளியே எடுப்பது மிகக் கடினம். பகலில் எடுத்துவிட்டு, பிரதியில் சாயம் தோய்த்தார்கள். உங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவிடியில் அது இல்லை. அதனால்தான் வெயில் பட்டால் அழியவேண்டிய ரத்தக்காட்டேரிப் பிரபு பட்டப்பகலில் சவப்பெட்டி சுமக்கிறார்!

"பயமே போய்விட்டது" என்கிறீர்களே, அதற்கு டிவியும் காரணமாக இருக்கலாம். மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்கும் டிவி வசதி) அணையுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள். அப்புறம் விளக்கை அணைத்து, மாடிப்படியில் நிழல் ஏறும் காட்சியைப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: சில வெளியீடுகளில் ஃபிலிமின் துகளையே (படத்தில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகளை) துடைத்து முகத்தை மெழுகாக்கிவிடுகிறார்கள். அது எந்த செட்டிங்கிலும் திரும்பாது. வேறு வெளியீடுதான் தேடவேண்டும்.