கிற்றார் பழகுவோம்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எட்டு மாதமாக யூடியூப் பார்த்துக் கிற்றார் பழகுகிறேன். 1-2-3-4 விரல் பயிற்சியை (சுட்டு விரல் 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சின்ன விரல் 4) தினமும் ஒரு மணித்தியாலம் செய்கிறேன். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 100 தட்டைத் தாண்டினால் சுரங்கள் பிசிறுகின்றன, சின்ன விரல் மேலே பறக்கிறது, முன்கை நோகிறது. என் விரல்களுக்கு வேகம் வராதா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: வரும் தம்பி, விரலில் பிழை இல்லை. முதலில் அந்த நோவைப் பார்ப்போம். விரல் நுனி எரிவது வேறு, முன்கை நோவது வேறு. முன்கை நோகத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள், நோவைத் தாங்கிக்கொண்டு வாசித்தால் கை உரம் பெறும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஓய்வெடுத்தும் நாட்கணக்கில் விடாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

என்னிடம் பழக வருகிற பிள்ளைகளிடம் நான் பார்ப்பது, தந்தியை அளவுக்கு மிஞ்சி அழுத்துவதுதான். இப்படிச் செய்து பாருங்கள். ஐந்தாவது ஃப்ரெட்டில் (கிற்றார் கழுத்தில் இரண்டு கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) தந்தியைச் சும்மா தொட்டுக்கொண்டு பிக்கால் (தந்தியைத் தட்டும் சின்னத் தகடு) தட்டுங்கள், 'டக் டக்' என்று செத்த சத்தம் வரும். தட்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஓரிடத்தில் சுரம் தெளிந்துவிடும். அவ்வளவு அழுத்தம்தான் தேவை. விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டினாற்போல் சற்றுப் பின்னால் வைத்தால் அதையும் குறைக்கலாம்.

சின்ன விரல் பறப்பது உங்களுக்கு மட்டும் இல்லை. மோதிர விரலின் நாண்கள் பக்கத்து விரல்களின் நாண்களோடு புறங்கையில் பிணைந்திருப்பதால் ஒன்றை அசைத்தால் மற்றதும் கூடவே இழுபடும். 1-2-3-4ஐ மட்டும் எத்தனை மாதம் செய்தாலும் இது சரியாகாது. நான்கு விரல்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம், நீங்கள் செய்வது அதில் ஒன்றே ஒன்று! ஒரு நாளைக்கு இரண்டு வரிசை எடுங்கள், அதிலும் மூன்றும் நான்கும் அடுத்தடுத்து வருகிற 1-3-4-2, 2-4-3-1 போன்றவற்றை முதலில் எடுங்கள். முதல் ஃப்ரெட்டில் தொடங்க வேண்டாம். சாதாரண முழு அளவு கிற்றாரில் முதல் நான்கு ஃப்ரெட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 13 சென்ரிமீற்றர் அகலம், ஐந்திலிருந்து எட்டு வரை பத்தரைதான். அங்கே கை பழகிய பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்கலாம்.

சரி, 100ஐத் தாண்டாத கதை. இடது கையை விட்டுவிட்டு, திறந்த தந்தி ஒன்றில் கீழ்-மேல், கீழ்-மேல் என்று பிக்கை மட்டும் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் பிக்கை வைத்துவிட்டு இடது கை விரல்களை மட்டும் தந்தியில் தட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகச் சீராக ஓடினால், பிக் தந்தியைத் தொடும் கணத்துக்கு விரல் வந்து சேரவில்லை என்று அர்த்தம், எட்டு மாதம் சொந்தமாகப் பழகியவர்களுக்கு அநேகமாக இதுதான் இருக்கும். அப்போது மெட்ரோனோமை 60க்கு இறக்கி, ஒரு தட்டுக்கு இரண்டு சுரம், பிசிறே இல்லாமல். நாலைந்து நிமிடம் அப்படி வாசித்துவிட்டு நான்கு சுரத்தை மட்டும் வேகமாக அடித்து ஐந்தாவதில் நில்லுங்கள், கையைத் தளர்த்துங்கள், மறுபடி அடியுங்கள். இடையில் நிற்பதால் கை இறுகாது. ஒரே மூச்சில் ஒரு மணித்தியாலம் வேண்டாம், காலையில் கால் மணி, பின்னேரம் கால் மணி போதும்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு விரல் நுனி நோகிறது, அழுகிறாள். நிறுத்திவிடலாமா?
(ஒரு தாய், உவர்மலை)

பதில்: நிறுத்தாதீர்கள் அக்கா, கிற்றாரை மாற்றிக் கொடுங்கள். உருக்குத் தந்தி அந்த வயதுக்குக் கடினம், முக்கால் அளவு நைலோன் தந்திக் கிற்றார் போதும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு தரத்தில் வேண்டாம். குளித்த கையோடு வாசிக்க விடாதீர்கள், தோல் ஊறியிருக்கும். தொடர்ந்து வாசித்தால் சில வாரங்களில் நுனி தடித்து நோ குறைந்துவிடும்.

கேள்வி: கலியாண வீடுகளில் பைலா வாசிக்கிறோம். பிக்கால் தனிச்சுரங்கள் வாசிக்கும்போது தாளம் நழுவுகிறது, ஏன்?
(வாசகர், பாலையூற்று)

பதில்: பைலா ஓடுவது 6/8 தாளத்தில், ஆறு சுரம் மூன்று மூன்றாக. கீழ்-மேல் மாறி மாறி அடித்தால் முதல் மூன்று கீழ்-மேல்-கீழ், அடுத்த மூன்று மேல்-கீழ்-மேல். ஆக, இரண்டாவது மூன்றின் முதல் அடி மேல்வீச்சில் விழுகிறது. மேல்வீச்சு பொதுவாக மெலிவாகத்தான் விழும், அதனால் அந்த அடி காணாமல் போகும், மத்தளக்காரரும் நீங்களும் பிரிந்துவிடுவீர்கள். திறந்த தந்தியில், வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு 'த'வையும் ஓங்கி அடியுங்கள், மேல்வீச்சில் வருகிற 'த'வை இன்னும் ஓங்கி. இரண்டு 'த'வும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும் வரை பாட்டுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கிறது, விரல் வழுக்காமல் சிக்குகிறது.
(வாசகி, நிலாவெளி)

பதில்: கடற்காற்றின் உப்பும் கை வியர்வையும் தங்கச்சி. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, கிற்றாரைச் சுவரில் மாட்டாமல் உறைக்குள் வையுங்கள். துரு ஏறிய தந்தியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுங்கள், அதிலே பழகினால் விரல் அநியாயமாகக் கிழியும்.