காமிக்ஸ் கட்டத்தை அப்படியே ஷாட்டாக எடுக்கலாமா?

கேள்வி: இரண்டு குறும்படங்கள் இயக்கியிருக்கிறேன். பள்ளி நாட்களில் தமிழில் படித்த ஓர் இங்கிலாந்து க்ரைம் காமிக்ஸை முழுநீளப் படமாக எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லண்டன் நாளிதழ் ஒன்றில் தினமும் மூன்று கட்டங்களாக வந்த தொடர் அது. படங்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருப்பதால் ஸ்டோரிபோர்டு தயாராக இருப்பதாகவே கருதுகிறேன். கட்டங்களை அப்படியே ஷாட்டுகளாக எடுத்துவிடலாமா? கதையில் எந்த அளவுக்கு மாற்றம் செய்யலாம்? உரிமையைத் தமிழில் வெளியிட்ட பதிப்பாளரிடம் வாங்கினால் போதுமா?

பதில்: தங்கள் கையிலிருப்பது ஸ்டோரிபோர்டு அன்று. ஸ்டோரிபோர்டு என்பது இனிமேல் எடுக்கப்போகும் ஒன்றுக்கான வேலைக் குறிப்பு. காமிக்ஸோ வரைந்து முடித்து, வாசகரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்ட முழுமையான படைப்பு. முதல் கட்டத்தில் துப்பறிவாளர் கதவின் கைப்பிடியைத் தொடுகிறார், அடுத்த கட்டத்தில் தரையில் பிணம் கிடக்கிறது என்றால், கதவு திறந்த ஓசையையும், அறைக்குள் அடியெடுத்து வைக்கும்போது எழுந்த அச்சத்தையும், விளக்கைத் தேடித் துழாவிய கையையும் ஓவியர் வரையவில்லை; இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் அவற்றை வாசகர்தான் தம் மனத்தில் நிகழ்த்திக்கொள்கிறார். எவ்வளவு நேரம் நிகழ்த்துவது என்பதும் அவர் விருப்பம். திரையரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அந்த உரிமை கிடையாது. விநாடிக்கு 24 பிரேம்கள் வீதம் படம் அவரைக் கேளாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரண்டு கட்டங்களையும் அச்சுப் பிசகாமல் படமெடுத்து ஒட்டினால், படம் வந்துவிடும். நடுவிலிருந்த வெள்ளைக் கோடு வராது. தங்களைச் சிறுவயதில் கட்டிப்போட்டது பெரும்பாலும் அந்தக் கோடுதான்.

இதற்கு மறுப்பாக 2005-இல் வெளிவந்த சின் சிட்டியைத் தாங்கள் காட்டக்கூடும். ஃபிராங்க் மில்லரின் காமிக்ஸை ராபர்ட் ரோட்ரிகஸ் ஏறக்குறைய கட்டத்துக்குக் கட்டம் திரைக்குக் கொண்டுவந்தார். பச்சைத் திரைக்கு முன்னால் நடிகர்களை நிறுத்தி, பின்னணி முழுவதையும் கணினியில் உருவாக்கி, கறுப்பு வெள்ளைக்கு நடுவே ஆங்காங்கே ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று வைத்தார். அது வென்றதற்குக் காரணம், மில்லரின் சித்திரங்களில் இடைத்தொனி என்பதே அநேகமாக இல்லாமல் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் மோதிக்கொள்வதுதான். அந்த மோதலே கதையின் உள்ளடக்கமாகவும் இருந்தது. ஆனால், அதே முறையில் 2014-இல் வந்த இரண்டாம் பாகம் வசூலில் படுதோல்வி அடைந்தது. தாங்கள் விரும்பும் நாளிதழ்த் தொடரின் ஓவியம் யதார்த்த பாணியில் அமைந்தது என்று வைத்துக்கொண்டால், அதைக் கட்டத்துக்குக் கட்டம் பெயர்ப்பதால் கிடைப்பது ஒரு சாதாரணத் துப்பறியும் படத்தின் கோணங்கள் மட்டுமே.

வேறொரு வழியை 1990-இல் டிக் டிரேசி படத்தில் வாரன் பீட்டி காட்டினார். செஸ்டர் கௌல்டு 1931-இல் தொடங்கிய அந்தத் தொடரின் கட்டங்களை அவர் நகலெடுக்கவில்லை. அந்தக் காலச் செய்தித்தாள் அச்சின் வறுமையை எடுத்துக்கொண்டார். மலிவான தாளில் சில வண்ணங்களே அச்சேறும் என்பதால், படத்தின் உடை, சுவர், கார், தெருவிளக்கு எல்லாவற்றையும் ஏழு நிறங்களுக்குள் அடக்கினார்கள். ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோவும் கலை இயக்குநர் ரிச்சர்ட் சில்பெர்ட்டும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே ஒரு நகரத்தைக் கட்டினார்கள். கலை இயக்கம், ஒப்பனை, பாடல் என்று அந்தப் படத்துக்கு மூன்று ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. வில்லன்களின் முகங்களைக் கௌல்டு வரைந்த கோரத்தோடு ஒப்பனையில் செய்தவர்கள், கதாநாயகனின் கழுகு மூக்கையும் சதுரத் தாடையையும் பீட்டியின் முகத்தில் ஒட்டாமல் விட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். எதை நகலெடுப்பது, எதை விடுவது என்ற தேர்வில்தான் இயக்குநரின் வேலை தொடங்குகிறது. எனினும், அந்தப் படத்தின் கதை அதன் நிறங்களுக்கு இணையாக நிற்கவில்லை என்பது என் கருத்து.

தாங்கள் மிகுந்த நேரம் செலவிட்டுப் படிக்க வேண்டியது ரோட் டு பெர்டிஷன். மாக்ஸ் ஆலன் காலின்ஸ் எழுத, ரிச்சர்ட் பியர்ஸ் ரேனர் கறுப்பு வெள்ளையில் வரைந்து 1998-இல் வந்த காமிக்ஸ் அது. (கௌல்டு ஓய்வு பெற்றபோது, 1977-இல், டிக் டிரேசி தொடரை எழுதும் பொறுப்பை ஏற்றவரும் இதே காலின்ஸ்தான்.) ஜப்பானில் 1970-களில் வந்த, கைக்குழந்தையோடு அலையும் சாமுராய் ஒருவனின் கதையை மனத்தில் கொண்டு, அதை 1930-களின் இல்லினாய் மாநில அடியாள் ஒருவனுக்கும் அவன் மகனுக்கும் பொருத்தினார் காலின்ஸ். காமிக்ஸில் துப்பாக்கிச் சண்டைகள் நீளமானவை. பக்கம் பக்கமாகப் பிணங்கள் விழும். சாம் மெண்டிஸ் 2002-இல் படமாக்கியபோது சண்டைகளைக் குறைத்தார். குறைத்ததோடு நில்லாமல், கொலையை யார் பார்க்கிறார் என்பதைக் கதையின் அச்சாக மாற்றினார்.

தந்தை என்ன தொழில் செய்கிறார் என்பதை மகன் முதன்முறையாகக் காணும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். காரில் ஒளிந்து வந்த சிறுவன், கிடங்குச் சுவரின் அடியிலுள்ள இடுக்கு வழியாக உள்ளே பார்க்கிறான். அவனுக்குத் தெரிவதெல்லாம் தந்தையின் கால்களும், அவற்றின் நடுவே தெரிகிற மனிதர்களும், தரையில் சிதறும் தோட்டாக் கூடுகளுமே. தந்தையின் முகம் தெரியவில்லை. காமிக்ஸின் வெள்ளைக் கோட்டுக்கு மெண்டிஸ் கண்டுபிடித்த மாற்று அந்த இடுக்கு. பார்வையாளர் தம் பங்குக்கு இட்டு நிரப்ப வேண்டிய இடம் அங்கே மீண்டும் கிடைத்துவிடுகிறது. பின்னால் வரும் மழைக் காட்சியில் இதையே ஒலியைக் கொண்டு செய்தார். தந்தையின் முதலாளியாகப் பால் நியூமன் நடித்தவரின் மெய்க்காவலர்கள் இருட்டிலிருந்து பாயும் தோட்டாக்களுக்கு ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். துப்பாக்கியின் ஓசை கேட்பதில்லை, தாமஸ் நியூமனின் இசை மட்டுமே கேட்கிறது. முதுகு காட்டி நிற்கும் முதலாளி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஏனென்றால் சுடுவது யார் என்று அவருக்குத் தெரியும். சுட்ட அந்தத் தந்தை அருகில் வந்து நின்ற பிறகுதான் மழையின் ஓசை திரும்புகிறது. காமிக்ஸ் எப்போதும் மௌனமானது. அதன் ஓசைகள் எழுத்தாகவே நம்மை அடைகின்றன. அந்த மௌனத்தை ஒரே ஒரு காட்சிக்கு மட்டும், மிகவும் வலிக்கும் இடத்தில், திரைக்குக் கொண்டுவந்தது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தழுவல் முடிவுகளில் ஒன்று. இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காகக் கான்ராட் ஹால், தம் மறைவுக்குப் பின் ஆஸ்கர் பெற்றார்.

இனித் தங்கள் தொடருக்கே உரிய ஒரு சிக்கல். நாளொன்றுக்கு மூன்று கட்டம் என்ற வடிவத்தில், முதல் கட்டம் நேற்று நடந்ததை நினைவூட்ட வேண்டும், நடுக்கட்டம் கதையை நகர்த்த வேண்டும், கடைசிக் கட்டம் நாளையும் நாளிதழை வாங்கவைக்க வேண்டும். தமிழில் புத்தகமாகத் தொகுத்துப் படிக்கும்போது இந்த மூச்சு நமக்குத் தெரிவதில்லை. ஆனால் கதையின் எலும்புக்குள் அது இருக்கிறது. அப்படியே திரைக்கதையாக்கினால், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அதிர்ச்சியும், அதைத் தொடர்ந்து ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லும் ஒரு வசனமும் வந்துகொண்டேயிருக்கும். இருபதாவது நிமிடத்தில் பார்வையாளர் களைத்துவிடுவார். எனவே, தொகுப்பு முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு நாளின் முதல் கட்டத்தையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிஞ்சும் கடைசிக் கட்டங்களில் எவை அந்த நாளைக்கான கொக்கிகள், எவை கதையை உண்மையிலேயே திருப்பியவை என்று பிரித்துப் பாருங்கள். மூன்று மாதம் ஓடிய தொடரில்கூட உண்மையான திருப்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருக்கும். தங்கள் படம் அவற்றின்மீதுதான் நிற்க வேண்டும்.

எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்கு அளவைக் கொண்டு விடை சொல்ல முடியாது. சிவகாசியிலிருந்து 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் இதழின் வழியே தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான மாடஸ்டி பிளைஸியின் கதி இதற்குத் தெளிவான சான்று. பீட்டர் ஓ'டானல் எழுத, தொடக்கத்தில் ஜிம் ஹோல்டவே வரைய, 1963-இல் லண்டனின் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் தொடங்கி 2001 வரை ஓடிய தொடர் அது. குற்றக் கும்பலின் தலைமையிலிருந்து விலகிய மாடஸ்டியும், அவளை ‘இளவரசி’ என்றே அழைக்கும் வில்லி கார்வினும் ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுப்பார்கள், ஆனால் காதலர்களாக மாட்டார்கள். தொடரின் ஆண்டுகள் முழுவதையும் தாங்கிய தூண் இந்த ஒரு விதி. ஜோசப் லோசி 1966-இல் எடுத்த படத்தில் உடைகளும் ஊர்களும் கண்ணைப் பறித்தன. ஆனால் அந்த இருவரும் காதல் பாட்டுப் பாடினார்கள். ஓ'டானல் எழுதிய முதல் திரைக்கதையைப் பிறர் பெரிதும் மாற்றிவிட்டிருந்தார்கள். அவரோ தம் திரைக்கதையை 1965-இலேயே நாவலாக வெளியிட்டார். அந்த நாவல் வரிசை 1996 வரை நீண்டது, படமோ இயக்குநரின் ரசிகர்களுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறாக, ஜான் வாக்னரும் வின்ஸ் லாக்கும் 1997-இல் படைத்த எ ஹிஸ்டரி ஆஃப் வயலென்ஸ் காமிக்ஸை டேவிட் குரோனென்பெர்க் 2005-இல் படமாக்கியபோது, நாயகனின் கடந்த காலத்தையே மாற்றிவிட்டார். காமிக்ஸில் அவன் இளம் வயதில் நண்பனோடு சேர்ந்து ரௌடிக் கும்பலைக் கொள்ளையடித்துவிட்டு ஓடிவந்தவன். படத்தில் அவனே கொலைகாரனாக இருந்தவன், அந்த நண்பனின் இடத்தில் ஓர் அண்ணன் வருகிறான். இவ்வளவு மாற்றியும் அது நல்ல தழுவலாக நிற்பதற்குக் காரணம், சிற்றூர் உணவகம் நடத்தும் அமைதியான மனிதனின் வீட்டு வாசலுக்கு அவனுடைய பழைய வாழ்க்கை வந்து நிற்பது என்ற அடித்தளம் கலையாமல் இருந்ததுதான். ஆகவே, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தங்கள் கதைமாந்தர் எந்த நிலையிலும் செய்யாத ஒன்று எது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், பெயர், ஊர், காலம், கிளைக்கதை எல்லாவற்றையும் அதற்காக மாற்றலாம்.

உரிமையைப் பொறுத்தவரை, தமிழ்ப் பதிப்பாளரிடம் வாங்கினால் போதாது. பொதுவாக அவரிடம் இருப்பது மொழிபெயர்த்து அச்சிடும் உரிமை மட்டுமே; திரைப்பட உரிமை மூலப் படைப்பாளியிடமோ, அவர் வாரிசிடமோ, நாளிதழ் நிறுவனத்திடமோ, ஏற்கெனவே வாங்கிவைத்திருக்கும் ஒரு படநிறுவனத்திடமோ இருக்கும். ஆனாலும் தமிழ்ப் பதிப்பாளரை அணுகுவதில் பயன் உண்டு, ஏனென்றால் மூல உரிமையாளருடன் கடிதத் தொடர்பு உள்ளவர் அவர்தான். பழைய தொடர் என்பதால் உரிமை காலாவதியாகியிருக்கும் என்று நம்ப வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படைப்பாளி இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கூட்டுப் படைப்பானால் கடைசியாக இறந்தவரின் மறைவிலிருந்து கணக்கிடுவார்கள். 2010-இல் காலமான ஓ'டானலின் எழுத்துக்கு இங்கே 2070 இறுதிவரை உரிமை உண்டு. இங்கிலாந்தில் அந்தக் காலம் 70 ஆண்டுகள். ஓடிடி தளங்கள் உலக வெளியீட்டுக்கான உரிமையைக் கேட்கும் என்பதால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழ் வார இதழில் வந்த தொடரொன்றை வருங்காலத்தில் எடுக்க நேர்ந்தால், வேறொரு விதி தங்களுக்குப் பயன்படும். இதழின் ஊழியராக இருந்து, அதில் வெளியிடுவதற்காக ஒருவர் எழுதியதோ வரைந்ததோ, இதழ்களில் வெளியிடும் அளவுக்கு மட்டுமே நிறுவனத்துக்கு உரியது. மாறான ஒப்பந்தம் இல்லையெனில், திரைப்பட உரிமை உள்ளிட்ட மற்றவை படைப்பாளிக்கே உரியவை. எழுதியவர், வரைந்தவர் இருவரின் குடும்பங்களையும் பார்த்துவிடுவது நல்லது.

முழு விலையையும் முதலிலேயே கொடுக்காமல், ஒரு சிறு தொகைக்குக் குறிப்பிட்ட காலம் உரிமையைத் தங்களுக்காக ஒதுக்கிவைக்கும் ஆப்ஷன் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும்; அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் நம் சட்டம் கொள்ளும். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதப்படாத நிலையில், அது இழந்ததாகவே கருதப்படும். பணம் திரட்டவே ஓராண்டு ஆகிவிடும் என்பதால், இந்த மூன்றையும் வழக்கறிஞரைக் கொண்டு தெளிவாக எழுதவையுங்கள். பீட்டி 1985-இல் வாங்கிய டிக் டிரேசி உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே பின்னாளில் வழக்காகி, 2011-இல்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

உரிமையாளருக்கு எழுதும் கடிதத்தோடு தாங்கள் இணைக்க வேண்டியது விலைக் குறிப்பைவிட ஒரு சோதனைக் காட்சி. மில்லர் தம் காமிக்ஸைத் திரைக்குத் தர மனமில்லாமல் இருந்தபோது, ரோட்ரிகஸ் ஒரு சிறுகதையை மட்டும் படமாக்கிக் காட்டித்தான் அவரைச் சம்மதிக்கவைத்தார். அதுவே பின்னர் படத்தின் தொடக்கக் காட்சியாகவும் ஆயிற்று. தாங்களும் மூன்று நாள் தொடரை, அதாவது ஒன்பது கட்டங்களை, எடுத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காட்சி வேண்டாம், இரண்டு பேர் ஓர் அறையில் பொய் சொல்லிக்கொள்ளும் காட்சியாக இருக்கட்டும். அதைக் கட்டங்களின்படி ஒருமுறையும், கட்டங்களைப் பாராமல் ஒருமுறையும் எடுத்து, அந்தக் காமிக்ஸை ஒருபோதும் படித்திராத நான்கைந்து பேருக்குத் தனிப்பட்ட முறையில் போட்டுக்காட்டுங்கள். இணையத்தில் ஏற்ற வேண்டாம், ஏனென்றால் உரிமை இன்னும் தங்களுடையது அன்று. எந்த வடிவத்தில் அவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கிறார்களோ, அதை உரிமையாளருக்கு அனுப்புங்கள்.