கேளுங்கள், சொல்கிறோம்: கில்மோரின் பிந்திய பாட்டுகள்

கேள்வி: அண்ணை, பிங்க் ஃபுளோய்ட் என்ற இங்கிலாந்து ரொக் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் 2024இல் வெளியிட்ட ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்’ அல்பம் எனக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் செற் பெடியளோ, “அந்தாள் கிற்றாரில் விண்ணன், பாட்டு வரியெல்லாம் மனிசி எழுதிக் கொடுக்கிறது” என்று நக்கலடிக்கிறார்கள். அவரைப் பாட்டு எழுதுகிறவர் என்று சொல்லலாமா?
- வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: பெடியள் சொல்வதில் பாதி சரி தம்பி. மனைவி பொலி சாம்சன் நாவல் எழுதுகிறவர், வரிகளில் பெரும்பகுதி அவருடையதுதான், கில்மோர் அதை ஒளித்ததும் இல்லை. ஆனால் வரி மட்டுமா பாட்டு? கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு சொல்லும் இல்லாமல் சாமம் தாண்டியும் சனத்தை மணலில் இருத்தி வைக்கிறாரே, அதை என்னவென்று சொல்வது?

இவருக்கு மெட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரான்ஸில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ரெயில் நிலையத்தில் நிற்கும்போது, அறிவிப்புக்கு முன்னால் வருகிற நாலு சுரம் காதில் விழுகிறது. ஆளுக்கு ஆட வேண்டும் போல இருந்ததாம், உடனே போனை எடுத்துப் பதிந்துவிட்டார். அதிலிருந்து முளைத்ததுதான் 2015இல் வந்த ‘ராட்டில் தட் லொக்’ அல்பத்தின் தலைப்புப் பாட்டு. நானும் யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் யாழ்தேவிக்காக எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன். அறிவிப்புக் கேட்டால் எனக்குச் சூட்கேசைத் தூக்கத்தான் தோன்றும்.

அதே அல்பத்தில் ‘ஃபேசஸ் ஒஃப் ஸ்டோன்’ என்று ஒன்று இருக்கிறது, அதை உங்கள் செற்றுக்குப் போட்டுக் காட்டுங்கள். வரியும் அவரே. மறதி நோயில் இருந்த தாயும், அப்போதுதான் பிறந்த கடைசி மகளும் ஒரே வீட்டுக் கதைக்குள் கொஞ்சக் காலம் சேர்ந்து இருந்ததைப் பற்றியது. அந்தக் குழந்தை ரோமனிதான் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்’ அல்பத்தில் ஹார்ப் வாசித்து, ஒரு பாட்டை முழுதாகவும் பாடியிருக்கிறார்.

அந்த அல்பத்தின் தலைப்புப் பாட்டு எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1946இல் பிறந்தவர். உலகப் போர் முடிந்த பிறகு வளர்ந்த தங்கள் தலைமுறைக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தை, அது நிலைக்குமா என்ற சந்தேகத்தோடு நினைத்துப் பார்க்கிறார். இங்கே இருந்து கேட்கிறவனுக்கு அது வேறு மாதிரித்தான் விழும். பொறாமை என்று சொல்ல மாட்டேன், சரி, கொஞ்சம் பொறாமைதான்.

கேள்வி: எல்லாமே ஆமை வேகம். நித்திரை வருகிறது. எதிலிருந்து தொடங்கினால் பிடிக்கும்?
- மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: பிள்ளை, நான் இவரை இதைவிட மெதுவாகக் கேட்டவன். தொண்ணூறுகளில் கறண்ட் இல்லாத காலம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசெற் ரெக்கோடரை ஓடவிடுவோம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் கிற்றாரும் இழுபட்டு, மாடு கத்துவது போல இறங்கும். கனகாலம் கழித்து ஒழுங்கான கசெற்றில் கேட்டபோது, இவ்வளவு விறுவிறுப்பாகவா வாசித்திருக்கிறார் என்று நினைத்தேன்!

2006இல் தன் அறுபதாவது பிறந்தநாளன்று வெளியிட்ட ‘ஒன் ஆன் ஐலண்ட்’ அல்பத்தை இப்போதைக்கு விடுங்கள், அது உண்மையாகவே நித்திரை அல்பம், ஆனால் நல்ல நித்திரை. ‘ராட்டில் தட் லொக்’ அல்பத்தில் ‘ஏ போட் லைஸ் வெயிற்றிங்’ என்ற ஒரு பாட்டைக் கேளுங்கள். இசைக்குழுவில் கீபோட் வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008இல் இறந்துபோனார், பாய்க்கப்பல் ஓட்டுவதில் பைத்தியமாக இருந்த மனிதர், அவர் நினைவாகத்தான் இந்தப் பாட்டு. அவருடைய குரல் ஒரு கீற்று உள்ளே வரும். கிற்றார் வித்தை ஒன்றும் இல்லை, பியானோவும் சேர்ந்து பாடுகிற குரல்களும்தான். பஸ்ஸில் கேட்காதீர்கள், றைவர் போடுகிற பாட்டு அமுக்கிவிடும். பின்னேரம் பண்ணைப் பாலத்தடியில், ஹெட்போனில்.

அப்புறம் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்’ தலைப்புப் பாட்டுக்கு வாருங்கள். அதிலே ரைட் வாசிப்பது 2007இல் கில்மோர் வீட்டுக் கொட்டிலில் சும்மா சேர்ந்து வாசித்துப் பதிந்தது. செத்துப் பதினாறு வருசம் கழித்து ஆள் புதுப் பாட்டில் வாசிக்கிறார்.

கேள்வி: கிற்றாரை எல்லாம் விற்றுவிட்டாராமே, காசுத் தட்டுப்பாடா?
- வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: இல்லை ஐயா. 2019 ஜூனில் நியூயோர்க்கில் 120க்கு மேற்பட்ட கிற்றார்களை ஏலத்தில் விட்டார். பிங்க் ஃபுளோய்ட் காலத்திலிருந்து வாசித்த ‘பிளக் ஸ்ட்ராற்’ என்ற கறுப்புக் கிற்றார் மட்டும் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. எல்லாமாக 2 கோடி டொலருக்கு மேல், முழுவதையும் சுற்றுச்சூழல் வழக்குகள் பேசுகிற ‘கிளையன்ற்ஏர்த்’ அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அதே மாதிரிச் செய்த இன்னொரு கறுப்புக் கிற்றாரில்தான் வாசிப்பு. எனக்கென்றால் வித்தியாசம் தெரியவில்லை.