"புதிய வரி இல்லை" என்கிறது டி.டி.ஏ. அப்படியென்றால் பணம் யார் பையிலிருந்து போகிறது?

கேள்வி: மிச்சிகனில் எங்கள் ஊர் டவுன்டவுன் டெவலப்மென்ட் அத்தாரிட்டி (டி.டி.ஏ., ஊரின் மையக் கடைத்தெருப் பகுதியை மேம்படுத்தும் அமைப்பு) தன் திட்டத்தை இன்னும் 20 வருடம் நீட்டிக்கப் போவதாகத் தபால் வந்திருக்கிறது. "புதிய வரி எதுவும் இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். பிறகு பணம் எங்கிருந்து வருகிறது? கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்பது?

பதில்:

தபால் உங்கள் பேருக்கு வந்திருக்கிறது என்றால் டி.டி.ஏ. எல்லைக்குள் உங்களுக்கு ஒரு கடையோ காண்டோவோ (சொந்த அபார்ட்மென்ட்) இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சட்டப்படி அந்தக் கடிதம் எல்லைக்குள் சொத்து வரி கட்டுகிறவர்களுக்குத்தான் போகும். ஊரில் மற்றவர்களுக்குப் பத்திரிகை விளம்பரமும் கம்பத்தில் ஒட்டிய காகிதமும்தான்.

உங்கள் கேள்விக்கு "கவலைப்படாதீர்கள், வரி ஏறாது" என்று நாலு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே. ஏறாத வரியிலிருந்து வருடத்துக்குச் சில லட்சம் டாலர் எப்படிக் கிளம்புகிறது என்றுதானே கேட்டீர்கள்? நான் வக்கீல் இல்லை, டி.டி.ஏ.வுக்கு எதிரியும் இல்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

மிச்சிகனில் இதற்கு அடிப்படை 1975-ஆம் வருடத்து 197-ஆம் சட்டம். 2018-இல் இதைப் போன்ற பல சட்டங்களை ஒன்றாகத் தொகுத்து 57-ஆம் சட்டமாக்கினார்கள். வருமானத்துக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று நேரடி வரி: எல்லைக்குள் இருக்கும் சொத்துகள் மேல் மட்டும் 2 மில் வரை போடலாம். 1 மில் என்றால் 1,000 டாலர் வரி மதிப்புக்கு 1 டாலர். எல்லா ஊரும் இதைப் போடுவதில்லை. போட்டிருந்தால் உங்கள் பில்லில் டி.டி.ஏ. என்று தனி வரியாகவே தெரியும். 1978-இல் வந்த ஹெட்லீ திருத்தம் (சொத்து வரி வேகமாக ஏறாமல் தடுக்கும் மாநில அரசியல் சட்டத் திருத்தம்) விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவதால், 2 என்று ஆரம்பித்தது இப்போது 1.7, 1.8 என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இரண்டாவதுதான் பெரியது: டாக்ஸ் இன்கிரிமென்ட் ஃபைனான்சிங், பேச்சு வழக்கில் "டிஃப்". திட்டம் தொடங்கிய வருடம் எல்லைக்குள் இருந்த எல்லாச் சொத்துகளின் மொத்த வரி மதிப்பை அடிப்படை என்று பூட்டி வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஏறும் மதிப்புக்கான வரி, நகராட்சிக்கும் கவுன்ட்டிக்கும் (மாவட்ட நிர்வாகம்) கம்யூனிட்டி காலேஜுக்கும் (உள்ளூர் அரசுக் கல்லூரி) போக வேண்டியது, டி.டி.ஏ.வுக்குத் திரும்பிவிடும். இதைத்தான் கேப்சர் என்கிறார்கள். ஒரு பழைய கட்டடம், அடிப்படை 1,00,000 டாலர் என்று வையுங்கள். புதுப்பித்த பிறகு 6,00,000. கேப்சர் ஆகும் மதிப்பு 5,00,000. நகரம் 15 மில், கவுன்ட்டி 6, காலேஜ் 2 என்றால் மொத்தம் 23 மில். வருடத்துக்கு 11,500 டாலர் டி.டி.ஏ.வுக்கு. டிஃப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டட உரிமையாளர் கட்டும் தொகையில் ஒரு சென்ட் மாற்றமில்லை. கவுன்ட்டிக்கு 3,000 குறைந்தது, காலேஜுக்கு 1,000 குறைந்தது, மிச்சம் 7,500 உங்கள் நகராட்சியின் பொது நிதிக்கு, அதாவது போலீசுக்கும் தீயணைப்புக்கும் போயிருக்க வேண்டியது.

"டி.டி.ஏ. இல்லாவிட்டால் அந்த 5,00,000 ஏறியே இருக்காதே" என்று பதில் வரும். சில கட்டடங்களுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் சரியென்று சொல்ல முடியாததற்குக் காரணம் 1994-இல் வந்த ப்ரொபோசல் ஏ என்ற சொத்து வரித் திருத்தம். சொத்து கை மாறாதவரை வரி மதிப்பு வருடத்துக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அவ்வளவுதான் ஏறலாம். விற்றதும் அடுத்த வருடம் அந்த வரம்பு விலகி, சந்தை விலையில் பாதிக்கு ஒரே தாவலாகத் தாவும். முப்பது வருடமாக ஒருவர் கையில் இருந்த கடை, வரி மதிப்பு 1,20,000-இல் உறங்கிக்கொண்டிருந்தது, விற்ற மறு வருடம் 3,00,000 ஆகிறது. ஒரு செங்கல்கூட மாற்றவில்லை. ஆனாலும் அந்த 1,80,000-க்கு வருடம் 4,140 டாலர் டி.டி.ஏ.வுக்குப் போகிறது. வெறும் விலைவாசி ஏற்றமும் இதே மாதிரி கேப்சர் ஆகும். கவுன்ட்டி கமிஷனர்கள் கூட்டத்தில் கோபப்படுகிறார்கள் என்றால் பெரும்பாலும் இதற்காகத்தான்.

பள்ளி வரி? 1994-க்குப் பிறகு, பழைய கடன்களை அடைக்க என்று சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டி, மாநிலக் கல்வி வரியான 6 மில்லையோ பள்ளி நிர்வாக வரியான 18 மில்லையோ சாதாரண டி.டி.ஏ. தொட முடியாது. பெரிய விதிவிலக்கு டெட்ராய்ட். 2012 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, 6 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில் குறைந்தது 30 கோடி டாலர் முதலீடு வரும் திட்டத்துக்குப் பள்ளி வரியையும் கேப்சர் செய்யலாம் என்று வழி விட்டார்கள். மிச்சிகனில் அந்த மக்கள்தொகை உள்ள ஊர் ஒன்றுதான். அப்படி எழுந்ததுதான் 2017-இல் திறந்த லிட்டில் சீசர்ஸ் விளையாட்டரங்கம். சுமார் 86 கோடி டாலர் செலவில் 32.4 கோடி பொதுப் பணம். பள்ளிகளுக்கு ஏற்படும் குறையை மாநிலம் நிரப்பிவிடுகிறது, எனவே டெட்ராய்ட் குழந்தைகளிடமிருந்து நேராகப் பிடுங்கினார்கள் என்று ஃபார்வர்டு அனுப்புவது சரியில்லை. ஆனால் மாநிலம் நிரப்பும் பணம் ட்ராய், நோவாய் மாதிரி வேறு ஊர்களில் இருப்பவர்களும் கட்டியதுதான். அரங்கம் டி.டி.ஏ.வின் சொத்து, நடத்தும் உரிமை 35 வருடத்துக்கு, நீட்டிப்புகளைச் சேர்த்தால் 95 வருடம் வரை, அங்கே ஆடும் ரெட் விங்ஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர் தரப்பிடம். பெயர் சூட்டும் உரிமைக்கான காசும் அவர்களுக்கே.

நூலகத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2016 முடிந்த பிறகு விதிக்கப்படும் தனி நூலக வரியை, நூலக வாரியம் சம்மதித்தால் ஒழிய கேப்சர் செய்யக் கூடாது. பழைய கடன் பாக்கி இருந்தால் மட்டும் வேறு கணக்கு. கவுன்ட்டியும் காலேஜும் விலகிக்கொள்ளலாம், ஆனால் அதற்கான வாசல் சின்னது. எல்லையை உருவாக்கும்போதோ மாற்றும்போதோ நடக்கும் பொதுக் கூட்டத்துக்குப் பின் 60 நாளுக்குள் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். வெறும் காலத்தை மட்டும் நீட்டிக்கும்போது அந்த வாசல் பொதுவாகத் திறப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு வந்த மாதிரி "எல்லை மாறவில்லை, 20 வருடம் கூடுதல்" என்ற திட்டங்கள் அதிகம். இதில் சூழ்ச்சி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் அப்படி இருந்தால் எந்த ஊரும் அந்த வழியில்தான் நடக்கும். வேண்டுமென்றால் கவுன்ட்டியோடு தனி ஒப்பந்தம் போட்டு, கேப்சர் ஆவதில் இத்தனை சதவீதம் திருப்பித் தருகிறோம் என்று பகிரவும் சட்டத்தில் இடமுண்டு. கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

செலவுக்கு வருகிறேன். திட்டப் புத்தகத்தில் இல்லாத வேலைக்கு டிஃப் பணத்தை எடுக்கக் கூடாது. நடைபாதை, தெருவிளக்கு, பழைய கட்டடம் இடித்தல், நிலம் வாங்குதல், முகப்புச் சீரமைப்பு மானியம், பார்க்கிங், விளம்பரம் எல்லாம் அதில் இருக்கும். சொத்து வரி வரம்புகளைச் சுற்றிப் போக இந்தப் பணத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சட்டத்திலேயே ஒரு வரி உண்டு. நகராட்சி பட்ஜெட் இறுகும் வருடங்களில் போலீஸ்காரர் சம்பளத்தில் ஒரு பங்கு, பனி அள்ளும் வண்டி எல்லாம் மெல்ல டி.டி.ஏ. தலையில் ஏறும். நகரத்துக்கும் டி.டி.ஏ.வுக்கும் இடையே போகும் தொகைகளை ஆடிட் அறிக்கையில் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதிகப் பணம் விழுங்குவது பார்க்கிங் கட்டடம். அடுக்கு மாடியில் ஒரு கார் நிற்க இடம் அமைக்கச் சுமார் 30,000 டாலர் ஆகும். 300 கார் என்றால் 90 லட்சம். 4 சதவீத வட்டி, 20 வருட பாண்ட் (கடன் பத்திரம்) என்றால் வருடத் தவணை சுமார் 6,62,000. பாண்ட் வாங்குகிறவர்கள் தவணைக்குச் சரியாக வருமானம் இருந்தால் போதும் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; கால் பங்காவது மேலே காட்டச் சொல்வார்கள், ஆகவே 8,28,000 வேண்டும். 23 மில்லில் அதை எடுக்க 3.6 கோடி கேப்சர் மதிப்பு, சந்தை விலையில் 7.2 கோடி டாலர் வளர்ச்சி. உங்கள் ஊர் டவுன்டவுன் நாலு தெருதான் என்றால், அந்த 7.2 கோடி எந்தக் கட்டடத்திலிருந்து வரப்போகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

(கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் போக மனசில்லை. சனிக்கிழமை சாயங்காலம் "பார்க்கிங்கே இல்லை" என்று பேஸ்புக்கில் ஊரே அழும். அதே நேரம் பார்க்கிங் கட்டடத்தின் மூன்றாவது மாடி காலியாகக் கிடக்கும். கடை வாசலில் இறங்கி நேராக உள்ளே நுழைய வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு இடத்துக்கு 30,000 டாலர் விலை. மாலில் இதைவிட அதிக தூரம் நடப்பவர்கள்தான் இவர்கள்.)

எங்கே சறுக்கும்? மதிப்பு விழும்போது. 2008-க்குப் பிறகு பல ஊர்களில் நடந்தது இதுதான்: அடிப்படை அசையாமல் நிற்க, மேலே இருந்த சதை மட்டும் கரைந்தது. கேப்சர் எல்லை முழுவதற்கும் மொத்தமாகக் கணக்கிடப்படுவதால், ஒரு பெரிய கட்டடத்தைத் தேவாலயமோ நகராட்சியோ வாங்கி அது வரியிலிருந்து விலகினால், மற்ற கடைகளின் ஏற்றத்தை அந்த ஒரு இறக்கம் தின்றுவிடும். எதிர்ப்புறமும் உண்டு: தொடக்க வருடத்தில் வரிவிலக்கில் இருந்த இடம் அடிப்படையில் பூஜ்யம், பிறகு தனியாருக்கு விற்றால் முழு மதிப்பும் கேப்சர்.

அடுத்தது வரிச் சலுகை. 2000-இல் வந்த பழுதடைந்த கட்டடச் சீரமைப்புச் சட்டத்தில் சான்றிதழ் வாங்கியவருக்குப் பழைய மதிப்பு 12 வருடம் வரை உறைந்து நிற்கும். அதே கட்டடத்தின் வளர்ச்சியை வைத்துத்தான் டி.டி.ஏ.வின் வருமான அட்டவணை போடப்பட்டிருந்தால், அந்த அட்டவணை வெறும் காகிதம். நகர கவுன்சில் ஒரு கையால் சலுகை கொடுத்துவிட்டு மறு கையால் டிஃப் வருமானத்தை எதிர்பார்ப்பது நடக்கிற விஷயம்தான். பெரிய கடைகள் மதிப்பீட்டை எதிர்த்து மாநில வரித் தீர்ப்பாயம் போய் ஜெயித்தால், பின்தேதியிட்டுப் பல வருடப் பணத்தை டி.டி.ஏ. திருப்ப வேண்டும். கையிருப்பு வைக்காத ஊர் அப்போது முழி பிதுங்கும்.

வேலையிலும் சறுக்கும். அழகாகச் செங்கல் பதித்த நடைபாதை, அடியில் வடிகால் சரியில்லையென்றால் சில குளிர்காலத்திலேயே உறைந்து உப்பித் தூக்கிக்கொள்ளும். அதைவிட வயிற்றெரிச்சல், மேலே பதித்து முடித்த பிறகு கீழே இருக்கும் பழைய தண்ணீர்க் குழாயை மாற்றத் தோண்டுவது. குழாய் மாற்றும் அட்டவணையைப் பார்க்காமல் நடைபாதை டெண்டருக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

வாரியம் பற்றி: மேயரோ ஊர்த் தலைமை அதிகாரியோ ஒருவர், கூட 8 முதல் 12 பேர். பெரும்பான்மை அந்த எல்லைக்குள் சொத்தில் பங்குள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே முகப்பு மானியம் வாரிய உறுப்பினர் கட்டடத்துக்குப் போனதைப் பார்த்ததும் ஊழல் என்று கத்த வேண்டாம். அவர் அந்த வாக்கெடுப்பிலிருந்து ஒதுங்கினாரா, அதே அளவுகோல் மற்ற விண்ணப்பங்களுக்கும் இருந்ததா என்று மினிட்ஸைப் (கூட்டக் குறிப்பு) பாருங்கள். எல்லைக்குள் நூறு பேரோ அதற்கு மேலோ குடியிருந்தால் ஒரு குடியிருப்பாளராவது வாரியத்தில் இருக்க வேண்டும். திட்டப் பகுதியில் அத்தனை பேர் இருந்தால் குறைந்தது 9 பேர் கொண்ட குடிமக்கள் குழுவும் பொதுக் கூட்டத்துக்கு 90 நாள் முன்பே அமைந்திருக்க வேண்டும். காண்டோக்கள் முளைத்த ஊர்களில் இதை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டத்துக்கு முன் ஊர் இணையதளத்தைத் திறங்கள். 2018 சட்டப்படி மினிட்ஸ், பட்ஜெட், ஆடிட், திட்டம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு தகவல் கூட்டமும் நடத்த வேண்டும். இருக்கும், ஆனால் கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருக்கும், ஒரு எண்ணைத் தேட முடியாது. சட்டத்தின் எழுத்தை மதித்து உயிரை எடுக்கும் கலை இது. ஆண்டறிக்கையில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடிப்படை மதிப்பு, கேப்சர் மதிப்பு, எந்தெந்த அமைப்பிடமிருந்து எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு. ஐந்து வருடமாகச் செலவழிக்காத பணம் இருந்தால் ஏன், எப்போது செலவாகும் என்று எழுதியிருக்க வேண்டும். உபரி என்றால் எடுத்த இடங்களுக்கே அதே விகிதத்தில் திரும்ப வேண்டும். அறிக்கை தராத டி.டி.ஏ.வை மாநிலக் கருவூலத் துறை எச்சரித்தும் திருந்தாவிட்டால், பாண்ட் தவணைக்கு மேல் கேப்சர் செய்ய முடியாமல் போகும்.

உள்ளூர் ஆர்டினன்ஸையும் (நகராட்சி போடும் சட்டம்) படியுங்கள், மாநிலச் சட்டத்தோடு நிறுத்தாதீர்கள். ஆன் ஆர்பரில் 1982-இல் போட்ட ஆர்டினன்ஸில் டி.டி.ஏ. வருமானத்துக்கு ஒரு வரம்பு இருந்தது. 2011-இல்தான் அதைக் கவனித்து, லட்சக்கணக்கான டாலரை மற்ற அமைப்புகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ட்ராவர்ஸ் சிட்டியில் 2024 நவம்பரில் டிஃப் திட்டத்தை நீட்டிக்க மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று நகர சாசனத்தையே திருத்த வாக்களித்தார்கள். உங்கள் ஊர் சாசனத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் முடிவு கவுன்சில் கையில்.

கேட்க ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் என்றால் இதைக் கேளுங்கள்: "இப்போதைய பாண்ட் எந்த வருடம் முடிகிறது, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வருடப் பணத்துக்கும் திட்டத்தில் எந்த வேலை எழுதியிருக்கிறது?" மூன்று நிமிடம்தான் மைக் தருவார்கள். எழுதியும் கொடுத்துவிடுங்கள், எழுதிக் கொடுத்தது கூட்டப் பதிவில் சேரும்.